யார் இட்ட பெயர்?

அஞ்சி ஓடுபவனை இகழ வேண்டுமா? பேடி என்கிறார்கள். சொன்ன சொல்லைக் காக்காதவனைச் சுட வேண்டுமா? அதற்கும் பேடிதான். எதிர்க்கட்சிக்காரரை மேடையிலே மடக்க வேண்டுமா? சேலை கட்டிக்கொள், வளையல் பூட்டிக்கொள் என்று முழங்குகிறார் நாவலர். கூட்டம் கை தட்டுகிறது. சாதியைச் சாடுபவர் அவர். சடங்கைச் சாடுபவர் அவர். பெண்ணுரிமை பேசுபவரும் அவரே! ஆனால் அந்த ஒரே வாக்கியத்திலே பெண்ணையும் இழித்து, ஆணென்று குறிக்கப்பட்டுப் பிறந்து பெண்ணாய் வாழ்பவரையும் இழித்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல அடுத்த கருத்துக்குத் தாவிவிடுகிறார்.

நூலுக்குத் திறனாய்வு உண்டு, நாடகத்துக்கு உண்டு, நாள்தோறும் நாவிலே புரளும் சொல்லுக்கு மட்டும் வேண்டாமா? வேண்டும் என்பது நமது கருத்து. பாலினம் பற்றியும், காதலின் திசை பற்றியும் நம் மொழியில் வழங்கும் சொற்களையே இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நாம் கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: இது யார் இட்ட பெயர்?

முதலில் இலக்கணத்தைப் பார்ப்போம். மக்களை உயர்திணை என்றும், மற்றவற்றை அஃறிணை என்றும் பிரித்தது தமிழ். ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயர்ச்சொல்லை எங்கே வைப்பது என்ற கேள்வி தொல்காப்பியருக்கு எழுந்தது. அவர் தயங்கவில்லை. உயர்திணையிலே வைத்தார், தெய்வத்தைக் குறிக்கும் பெயரோடு ஒரே நூற்பாவில் வைத்தார். அதோடும் நில்லாமல், அந்தப் பெயர் ஆண்பால் வினை கொண்டு முடிவதற்கு இடமில்லை என்று வேறொரு நூற்பாவில் விதித்தார். ஆண்மையை விட்டு வந்தவரை "வந்தான்" என்று சொல்லாதே என்பது அதன் பொருள். உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டும் "பேடி வந்தாள்" என்பதே. பலகலைக்கழகப் பட்டம் பெற்றோர் இன்றும் திருநங்கை ஒருவரை வேண்டுமென்றே "அவன்" என்று சுட்டி மகிழ்வதைக் காண்கிறோம். தமிழ்ப் பற்று மிக்க அந்தப் பெருமக்கள், தமிழின் முதற்பேரிலக்கணம் தங்களைத் திருத்துகிறது என்பதை அறிவார்களாக!

பிறகு வந்தார், 13-ஆம் நூற்றாண்டினராகிய பவணந்தியார். பெண்மை விட்டு ஆண்மையை விரும்புவோர் ஆண்பால். ஆண்மை விட்டுப் பெண்மையை விரும்புவோர் பெண்பால் என்றார் நன்னூலில். எண்ணிப் பாருங்கள்! பாலை முடிவு செய்வது உறுப்பன்று, விருப்பம் என்கிறது அந்த நூற்பா. உலகின் மருத்துவமும் சட்டமும் தட்டுத்தடுமாறி வந்தடைந்த ஓர் உண்மையின் சாயல் அதிலே உண்டு. ஆனால் அதே மூச்சில், இவ்விருவரும் அஃறிணை போலவும் ஆவர் என்று முடித்துவிட்டார். வலக்கையால் வழங்கினார், இடக்கையால் பறித்தார். தொல்காப்பியர் மனிதராக வைத்த உயிரை, நன்னூலார் மாட்டோடும் மரத்தோடும் சேர்க்க இடம் கொடுத்தார். "அது வருகிறது பார்" என்று தெருவிலே ஒரு திருநங்கையைக் காட்டிச் சிரிப்பவன் நன்னூல் படித்தவனல்லன். எனினும் அந்த "அது"வுக்கு இலக்கணத்திலே ஏற்கெனவே இடம் போட்டு வைக்கப்பட்டிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

இலக்கியம் என்ன செய்தது? மாதவி ஆடிய பதினோர் ஆடல்களில் பேடு என்பது ஒன்று என்கிறது சிலம்பு. கலையிலே இடம் இருந்தது. ஆனால் உவமையிலே? உலகப் பொதுமறை என்று நாம் உவந்து போற்றும் குறளிலேயே, பேடியின் கைவாள் இருமுறை வருகிறது. முயற்சியற்றவன் பிறர்க்கு உதவ எண்ணுவதற்கு ஓரிடத்திலும், அவைக்கு அஞ்சுபவன் கற்ற நூலுக்கு மற்றோரிடத்திலும், பயனற்றதற்கு உவமையாகப் பேடியின் வாள் நிற்கிறது. வள்ளுவர் பெரியவர், பிறப்பொக்கும் என்று பேசிய அவர் பெருமைக்கு இதனால் குறை வந்துவிடாது. ஆயினும், பெரியவர் சொன்னார் என்பதற்காகவே ஒரு சொல்லைத் தொடாமல் விடுவது பகுத்தறிவாகாது. அந்த உவமை ஒரு காலத்தின் பார்வை. அதை அந்தக் காலத்திலேயே விட்டுவிடுவதுதான் குறளுக்குச் செய்யும் மரியாதை.

பேடி தனித்து நிற்கும் சொல்லன்று. அதற்கு ஒரு தமையன் உண்டு. அவன் பெயர் ஆண்மை. வீரத்துக்கு ஆண்மை, ஊக்கத்துக்கு ஆண்மை, ஆளுவதற்கும் ஆண்மை என்று நல்லவற்றையெல்லாம் ஒரு பாலுக்கு எழுதி வைத்த பிறகு, அந்தப் பாலில் நில்லாதவருக்குக் கோழைத்தனத்தைத் தவிர வேறு என்ன மிஞ்சும்? பெண் விடுதலைக்கு ஆண்மை என்ற கருத்தே அழிய வேண்டும் என்று "பெண் ஏன் அடிமையானாள்?" நூலில் பெரியார் எழுதியபோது, பலர் அதை மிகையென்று எண்ணினர். மிகையன்று; அது மருத்துவரின் கத்தி போன்ற அளந்த சொல். ஆண்மை என்னும் மேடை இடிந்தால்தான் பேடி என்னும் பள்ளமும் தூரும்.

இனிக் கோயிலுக்குச் செல்வோம். ஆண், பெண், அலி என மூன்றுமாக நிற்பவன் என்று இறைவனை மார்கழி விடியலிலே திருவெம்பாவை பாடுகிறது. உடலிற் பாதி பெண்ணான கடவுளுக்குத் திருச்செங்கோட்டில் மலைமேல் கோயில். கல்லிலே கண்டால் கைகூப்புகிறான் பக்தன். அதே கலப்பைத் தன் வீட்டுப் பிள்ளையிடம் கண்டால் கதவைச் சாத்துகிறான். கற்பூரம் ஏற்றிய கையே கழியைத் தூக்குகிறது. அலி என்ற சொல் பாட்டிலே போற்றி, வீதியிலே வசை. ஒன்பது என்ற எண்ணுக்கும் அதே கதி! எண்ணுக்கு என்ன பகை இவர்கள்மேல்? பகை எண்ணுக்கல்ல, எண்ணிச் சொல்பவனுக்கு.

வசையைத் தவிர்க்க விரும்பியவர்கள் அரவாணி என்ற பெயரை முன்வைத்தனர். நல்லெண்ணம்தான். கூவாகத்துக் கூத்தாண்டவர் திருவிழாவை ஒட்டி எழுந்த பெயர் அது. ஆயின், பாரதக் கதையின் அரவானுக்கு ஒரு நாள் மனைவியாகி, மறுநாள் தாலி அறுத்து, வெள்ளையுடுத்தி அழுவதை ஒரு மனிதக் கூட்டத்தின் நிலையான பெயராக ஆக்குவதா என்ற கேள்வி எழத்தான் செய்தது. கைம்மைக் கொடுமையை எதிர்த்த நாட்டிலே, ஒரு பிரிவினருக்குக் கைம்மையே பெயராவதா? விழாவுக்குப் போவது அவரவர் விருப்பம். பெயர் விழாவோடு கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை.

திருநங்கை என்ற சொல் இந்த இடத்தில்தான் வெற்றி பெற்றது. அதில் புராணம் இல்லை, பழிப்பும் இல்லை. ஸ்ரீயை விலக்கித் திருவை நிறுத்தியது தமிழியக்கம். அந்தத் திருவும், பெண்ணுக்குரிய நங்கையும் சேர்ந்தன. பெண்ணென்று குறிக்கப்பட்டுப் பிறந்து ஆணாய் வாழ்பவருக்குத் திருநம்பி. இருவரையும் உள்ளடக்கத் திருநர். 2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாட்டில் இவர்களுக்கென நல வாரியம் அமைந்தது; அந்த நாளே திருநங்கையர் நாளாகவும் கொண்டாடப்படுகிறது. நாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராசுக்கு 2019-இல் பத்மசிறீ வழங்கப்பட்டபோது, திருநங்கை என்ற சொல்லைத் தமிழ் நாளேடுகள் தயக்கமின்றி அச்சிட்டன. 2011 கணக்கெடுப்பில் ஆண், பெண் அல்லாத மற்றவர் என்று பதிவானோர் இந்தியாவில் 4,87,803 பேர். தமிழ்நாட்டில் 22,364 பேர். இத்தனை பேருக்கு வசையைத் தவிர வேறு பெயரே தெரியாத ஊராக நாம் இருந்தோம் என்றால், அது மொழியின் வறுமையன்று, மனத்தின் வறுமை.

"மூன்றாம் பாலினம்" என்ற தொடரையும் சற்று உரசிப் பார்ப்போம். மூன்றாவது என்றால், முதலாவது யார்? இரண்டாவது யார்? வரிசை வைத்தவன் யார்? 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே உணர்ந்து அறிவிக்கும் உரிமையை ஏற்றது. ஆண், பெண், மூன்றாம் பாலினம் ஆகியவற்றுள் எதுவாகவும் தம்மை அறிவித்துக்கொள்ளலாம் என்பது தீர்ப்பு. ஆகவே, மூன்றாம் பாலினம் என்பது விரும்புவோர் நுழையும் வாயில். "நான் பெண்" என்று சொல்பவரைப் பிடித்துத் தள்ளும் கொட்டடி அன்று. வாயிலைக் கொட்டடியாக்குவோர் தீர்ப்பைப் போற்றிக்கொண்டே அதன் உயிரைப் பறிக்கின்றனர்.

இங்கே பலர் குழம்புகின்றனர்; படித்தவர்களும் குழம்புகின்றனர். மூன்று வெவ்வேறு செய்திகளை ஒரே மூட்டையாகக் கட்டுவதால் வரும் குழப்பம் இது. மூட்டையை அவிழ்ப்போம்.

பிறக்கும்போது உடலைக் கண்டு மருத்துவர் எழுதுவது பால். உடலமைப்பே ஆண், பெண் என்னும் வழக்கமான இரு வரம்புக்குள் அடங்காமல் பிறப்போரும் உண்டு, அவர்கள் ஊடுபாலினர். ஒருவர் தம்மை ஆணாகவோ, பெண்ணாகவோ, இரண்டும் அல்லாதவராகவோ உள்ளத்தில் உணர்வது பாலின அடையாளம். ஒருவருடைய காதல் யாரை நோக்கிச் செல்கிறது என்பது பாலீர்ப்பு. எதிர்பாலை நோக்கினால் எதிர்பாலீர்ப்பு. தன் பாலை நோக்கினால் தன்பாலீர்ப்பு. இரண்டையும் நோக்கினால் இருபாலீர்ப்பு. எவரிடத்தும் அத்தகைய ஈர்ப்பு எழாதார்க்கு அல்பாலீர்ப்பு. உடல் ஒன்று, உணர்வு ஒன்று, காதல் ஒன்று. தன்பாலீர்ப்புள்ள ஆண் ஆணே. அவர் பெண்ணாக மாற விரும்புகிறார் என்பது பாமரக் கற்பனை. திருநங்கை ஒருவர் ஆணைக் காதலிக்கலாம், பெண்ணைக் காதலிக்கலாம், எவரையும் காதலிக்காமலும் இருக்கலாம். இதைப் புரிந்துகொள்ளப் பெரும் புலமை வேண்டுமோ? இல்லை, மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்கும் பொறுமை போதும்.

இந்தத் தெளிவோடு பார்த்தால், நாளேடுகளில் அடிபடும் "ஓரினச்சேர்க்கை" என்ற சொல்லின் குறை விளங்கும். அந்தச் சொல் மனிதரைக் காட்டவில்லை; காதலைக் காட்டவில்லை; படுக்கையை மட்டும் காட்டுகிறது. கணவன் மனைவி இருவரைக் கண்டு அவர்கள் குடும்பம் என்கிறோம். அவர்கள் சேர்க்கையாளர் என்று எவரும் எழுதுவதில்லை. இரு பெண்கள் ஒரு வீட்டில் வாழ்ந்து, நோயிலே தாங்கி, முதுமையிலே துணைநின்றாலும் அவர்களுக்குச் "சேர்க்கை" என்ற முத்திரைதானா? தன்பாலீர்ப்பு என்பது அந்தக் குறையை நீக்கும் சொல். அது செயலைச் சொல்லாமல் இயல்பைச் சொல்கிறது.

மேலை நாட்டுச் சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. அது நமக்கு ஒரு பாடம். செருமானிய மொழியில் தன்பாலீர்ப்பைக் குறிக்கும் சொல்லை 1869-இல் அச்சேற்றியவர் கெர்ட்பெனி என்னும் எழுத்தாளர். பிரசியச் சட்டம் இத்தகையோரைச் சிறைக்கு அனுப்பியதைக் கண்டித்து, தம் பெயர் போடாமல் வெளியிட்ட சிறு நூலிலே, வசை கலவாத ஒரு சொல்லாக அதைப் படைத்தார். உரிமைக்காகப் பிறந்த சொல் அது! ஆனால் சிறிது காலத்திலேயே மனநோய் மருத்துவ நூல்கள் அதைக் கைப்பற்றி நோயின் பெயராக்கிவிட்டன. பெர்லினில் 1919-இல் மாக்னசு இர்சுபெல்டு நிறுவிய பாலியல் அறிவியல் கழகம் அந்தப் போக்கை எதிர்த்து ஆய்வு நடத்தியது. 1933 மே மாதம் நாசிகள் அதைச் சூறையாடி, அதன் நூல்களை நெருப்பிலிட்டனர். உலக நலவாழ்வு நிறுவனம் தன் நோய்ப்பட்டியலிலிருந்து தன்பாலீர்ப்பை நீக்கியது 1990 மே 17 அன்றுதான். நோயென்று ஏட்டில் எழுதியது தவறு என ஒப்புக்கொள்ள மருத்துவ உலகுக்கு இத்தனை காலம் தேவைப்பட்டது.

பெயர் வைப்பதில் சட்டமும் சளைத்ததன்று. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு "இயற்கைக்கு மாறானது" என்று பெயரிட்டது. இட்டவன் ஆங்கிலேயன், கட்டிக் காத்தவர்களோ, ஆங்கிலேயன் தந்ததெல்லாம் நம் பண்பாட்டைக் கெடுத்தது என்று பேசும் பண்பாட்டுக் காவலர்கள்! 2009-இல் தில்லி உயர்நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2013-இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் பொருத்தியது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே உச்ச நீதிமன்றம், வயது வந்தோரின் இசைவான உறவு குற்றமன்று என்று தீர்த்தது. இயற்கை எது என்று யார் முடிவு செய்வது? கைம்பெண் மணம் இயற்கைக்கு மாறு என்றார்கள். தாழ்த்தப்பட்டவன் படிப்பது இயற்கைக்கு மாறு என்றார்கள். புரோகிதர் இல்லாத் திருமணம் திருமணமே அன்று என்றார்கள். 1967-இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வரும்வரை, அவ்வாறு மணந்தோரின் உறவுக்கு ஊர் வைத்த பெயர் என்ன, அவர்கள் பிள்ளைகளுக்கு வைத்த பெயர் என்ன என்பதை முதியவர்களைக் கேளுங்கள். பெயரால் அடிபட்டவர்களின் வழித்தோன்றல்கள், பெயரால் அடிக்கலாமா?

இங்கே அறிவாளர் ஒருவர் குறுக்கிடலாம். "சொல்லை மாற்றிவிட்டால் துன்பம் மாறிவிடுமா? குயர் என்ற ஆங்கிலச் சொல்லே வசைச்சொல்தானே? அதை அவர்களே சூடிக்கொள்கிறார்களே!" என்பார். நல்ல கேள்வி, உயர்நீதிமன்றத்திலும் எழுந்த கேள்வி. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பொன்றில் நீதிபதிகள், விந்தையானது, விபரீதமானது என்று அகராதி பொருள் தரும் அந்தச் சொல்லைப் பயன்படுத்த மனம் ஒப்பவில்லை என்றனர். தன்பாலீர்ப்பு உள்ளவருக்கு அது முற்றிலும் இயல்பானதன்றோ என்று கேட்டனர். அந்தப் பரிவை மதிக்கிறோம். ஆயினும் நமது உரைகல்லில் உரசிப் பாருங்கள். எறியப்பட்ட கல் வேறு; எறியப்பட்ட கல்லை எடுத்துத் தாமே கட்டிய சுவர் வேறு. இழிவின் நிறம் என்று சொல்லப்பட்ட கறுப்பைச் சட்டையாக்கி அணிந்த இயக்கத்தாருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? அவர்கள் தமக்குச் சூடிக்கொண்டால் அது கொடி. நாம் அவர்கள்மீது வீசினால் அது கல். தமிழில் அதே கருத்துக்குப் பால்புதுமையர் என்று வழங்குகிறார்கள். விந்தை போயிற்று, புதுமை நின்றது.

சொல் மட்டும் போதாது என்பதையும் ஒப்புகிறோம். பஞ்சமர் என்ற பெயரை விலக்கி ஆதிதிராவிடர் என்ற பெயரை 1922-இல் சென்னை அரசு ஏற்றது. பெயர் மாறியது, சேரி மறைந்ததா? இல்லை. ஆனால் பெயர் மாற்றம் வீணா? அதுவும் இல்லை. தலை நிமிர்ந்து தன் பெயரைச் சொல்லக் கற்றவன்தான், அடுத்து நிலம் கேட்டான், பள்ளி கேட்டான், பதவி கேட்டான். பெயர் என்பது வீடன்று, வீட்டின் வாயிற்படி.

படி தவறினால் என்ன ஆகும்? ஊடுபாலாய்ப் பிறந்த குழந்தையைக் "குறை" என்று பெயரிட்டால், தேவையற்ற அறுவைக்குக் கத்தி எழுகிறது. 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைக் கண்டித்தது; அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, குழந்தைகளுக்கு அத்தகைய அறுவையைத் தடை செய்தது. தன்பாலீர்ப்பை "நோய்" என்று பெயரிட்டால், அதைக் "குணப்படுத்த" மந்திரவாதியும் வருகிறான், மருந்துச்சீட்டோடு மருத்துவனும் வருகிறான். 2021 சூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், அத்தகைய மாற்று முயற்சிகளுக்குத் தடை விதித்தார். தீர்ப்பு எழுதுமுன், தாம் இதை அறிந்துகொள்ள உளவியல் வல்லுநரிடம் அமர்ந்து கேட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, இச்சமூகத்தாரைக் குறிக்கும் கண்ணியமான தமிழ்ச் சொற்களின் பட்டியல் 2022 ஆகஸ்டில் அரசிதழில் வெளியாயிற்று. நீதிபதி கற்கலாம், அரசிதழ் திருந்தலாம். மேடைப் பேச்சாளர் மட்டும் பழைய வசையையே பாடம் ஒப்பிப்பதா?

ஆகவே இளைஞர்களே, செய்ய வேண்டியது கடினமானதன்று. எழுதும்போதும் பேசும்போதும், இந்தச் சொல்லை இட்டவர் யார், சுமப்பவர் யார் என்று ஒரு கணம் எண்ணுங்கள். சுமப்பவர் ஏற்ற பெயரானால் சொல்லுங்கள், ஏற்காததானால் எறியுங்கள். ஒருவர் எப்படி அழைக்கப்பட விரும்புகிறார் என்று தெரியாவிட்டால் அவரையே கேளுங்கள், கேட்பது இழுக்கன்று. கோழையைக் கோழை என்றே சொல்லுங்கள். அதற்குத் தமிழில் சொல் இருக்கிறது. கேட்கவும் இயலாத இடத்தில் நம் மொழியே ஒரு வழி வைத்திருக்கிறது. அவன் என்றால் ஆண், அவள் என்றால் பெண். அவர் என்றாலோ, மனிதர். ஆணா பெண்ணா என்று அந்தச் சொல் ஆராய்வதில்லை. உயர்திணை என்பதை மட்டும் உறுதி செய்கிறது. மரியாதையையும் உடன் தருகிறது.

"அது" என்று சொன்ன நாவுகள் "அவர்" என்று சொல்லப் பழகட்டும். அங்கிருந்து தொடங்கட்டும் மற்றதெல்லாம்: வேலைக்கான கோரிக்கையும், வீட்டுக்கான கோரிக்கையும், விரும்பியவரோடு வாழ்வதற்கான கோரிக்கையும்.